குடும்ப வன்முறையைத் தடுக்க சாதாரண மனிதர்கள் என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குள் அடி வாங்குகிறவர் முதலில் போலீசிடமோ வக்கீலிடமோ போவதில்லை. தோழியிடம், அக்காவிடம், கூட வேலை பார்ப்பவரிடம், மாடி வீட்டுக்காரரிடம் சொல்கிறார். அதுவும் பாதியைத்தான் சொல்வார். கேட்டவர் என்ன பதில் சொன்னார் என்பதைப் பொறுத்துத்தான் மீதிப் பாதி வெளியே வரும், அல்லது வராமலே போகும். இந்தப் பக்கம் அந்தக் கேட்கிறவருக்காக எழுதியது.

இன்னொரு குடும்பத்து விஷயத்தில் நான் தலையிடலாமா?

தலையிடலாம். எப்படி என்பதுதான் கேள்வி.

"வீட்டுக்கு வீடு வாசப்படி" என்று சொல்லி நகர்ந்துவிடுவது நமக்குப் பழகிப்போன ஒன்று. எல்லா வீட்டிலும் சண்டை உண்டு என்பது உண்மைதான். ஆனால் சண்டை வேறு, வன்முறை வேறு. சண்டையில் இருவரும் கத்துவார்கள், இருவருக்கும் கோபம் வரும், மறுநாள் பேச்சு திரும்பிவிடும். வன்முறை உள்ள வீட்டில் ஒருவர் மட்டும் எப்போதும் பயத்தோடு இருப்பார். அவர் வரும் நேரம் பார்த்து இவர் பதறுவார், அவர் முகம் பார்த்து இவர் பேசுவார். அந்தப் பயம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது குடும்ப விஷயம் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது.

இது எங்கோ நடக்கிற விஷயமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகப் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையாவது துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறையையோ, வேறொருவரின் பாலியல் வன்முறையையோ சந்தித்திருக்கிறார். அதில் பெரும்பகுதி துணைவர் செய்வது. உங்களுக்குத் தெரிந்த பெண்களின் முகங்களை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

அடி விழுந்தால்தானே வன்முறை?

இல்லை. கைச்செலவுக்குக்கூடக் காசு தராமல் வைப்பது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, போனைச் சோதிப்பது, பிறந்த வீட்டோடும் நண்பர்களோடும் பேசவிடாமல் செய்வது, எல்லோர் முன்னாலும் மட்டம் தட்டுவது, குழந்தையைப் பிரித்துவிடுவேன் என்று மிரட்டுவது, விருப்பமில்லாத உறவுக்குக் கட்டாயப்படுத்துவது எல்லாம் வன்முறையே. இவை ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சின்னதாகத் தெரியும். சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு மனிதரைச் சுற்றி வேலி போடப்படுவது புரியும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படித் தொடர்ந்து அடக்கி ஆள்வதையே 2015-ல் தனிக் குற்றமாக்கினார்கள். அதற்கு ஒரு அடிகூட விழுந்திருக்க வேண்டியதில்லை.

அந்த வேலியின் முதல் கம்பி பெரும்பாலும் ஒன்றுதான்: ஆளைத் தனிமைப்படுத்துவது. அதனால்தான் வெளியாளான உங்களுக்கு இதில் இவ்வளவு பெரிய பங்கு இருக்கிறது. நீங்கள் தொடர்பில் இருக்கிற வரை அந்த வேலி முழுதாக மூடவில்லை.

யாரும் சொல்லாமல் எனக்கு எப்படித் தெரியும்?

நிச்சயமாகத் தெரிந்துகொள்ள முடியாது. சந்தேகம் வரலாம், அது போதும். முன்பு கலகலப்பாக இருந்தவர் விசேஷங்களுக்கு வருவதை நிறுத்துகிறார். வந்தாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு போன், உடனே கிளம்புகிறார். எதைக் கேட்டாலும் "அவரைக் கேட்டுச் சொல்றேன்". காயத்துக்குச் சொல்லும் காரணம் காயத்தோடு பொருந்தவில்லை. புழுக்கத்திலும் முழுக்கை உடை. துணைவர் கூட இருக்கும்போது ஒரு ஆள், இல்லாதபோது வேறு ஆள்.

இன்னொரு அடையாளத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையை எதிராளிக்குக் காட்டி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற நான்கு விரல்களையும் அதன் மேல் மூடுவது. கனடாவின் பெண்கள் அறக்கட்டளை ஒன்று 2020-ல், ஊரடங்கு காலத்தில், வீடியோ அழைப்பில் ஓசையில்லாமல் உதவி கேட்பதற்காக இதை அறிமுகப்படுத்தியது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கென்டக்கியில் ஒரு காரிலிருந்து பதினாறு வயதுப் பெண் இப்படிக் கை காட்ட, பின்னால் வந்த வண்டிக்காரர் அதைப் புரிந்துகொண்டு போலீசை அழைத்தார், அந்தப் பெண் மீட்கப்பட்டார். இதை யாராவது உங்களிடம் காட்டினால் அங்கேயே உரக்கக் கேட்டுவிடாதீர்கள். தனியாகப் பேச வழி தேடுங்கள், உடனடி ஆபத்து என்று தெரிந்தால் அவசர எண்ணை அழையுங்கள்.

பக்கத்து வீட்டில் இப்போது அலறல் கேட்கிறது. என்ன செய்வது?

முதலில், "யாராவது கூப்பிட்டிருப்பார்கள்" என்ற நினைப்பை விடுங்கள். ஜான் டார்லி, பிப் லடானே என்ற இரு உளவியலாளர்கள் 1968-ல் ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல் குரல் கேட்கும். தான் ஒருவர் மட்டுமே கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம் பேர்தான் எழுந்தார்கள். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. ஒவ்வொருவரும் மற்றவரை நம்பி உட்கார்ந்திருந்தார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் நடப்பதும் இதேதான்.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால், அதாவது ஆயுதம், "கொன்னுடுவேன்" என்ற சத்தம், உதவி கேட்டுக் கதறல், திடீரென்று விழும் அமைதி, இவற்றில் எது இருந்தாலும் உடனே போலீஸ் அவசர எண்ணை அழையுங்கள். முகவரி, மாடி, கதவு எண், குழந்தைகள் இருக்கிறார்களா, என்ன கேட்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். உங்கள் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்கலாம்.

அந்த அளவுக்கு இல்லை என்றால் குறுக்கே ஒரு சின்ன இடையூறு போதும். 2008-ல் இந்தியாவில் தொடங்கிய "பெல் பஜாவோ" பிரசாரம் சொன்னது இதைத்தான்: அழைப்பு மணியை அடியுங்கள். "உங்க வீட்ல தண்ணி வருதா?", "ஒரு போன் பண்ணிக்கலாமா?" என்று ஏதாவது ஒரு சாக்கு. அடிக்கிற கை ஒரு நிமிடம் நிற்கும். வெளியே ஆள் இருக்கிறார், அவருக்குக் கேட்கிறது என்ற செய்தி உள்ளே போகும். தனியாகப் போகாதீர்கள், இன்னொருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். வாசலுக்கு உள்ளே காலை வைக்காதீர்கள். நியாயம் பேசாதீர்கள், குற்றம் சாட்டாதீர்கள். "அவங்க கத்தின சத்தம் கேட்டுச்சு" என்று சொன்னால், கதவு மூடியதும் அதற்கும் சேர்த்து அவர்தான் அடி வாங்குவார்.

கைகலப்பின் நடுவே உடலோடு பாய்வது வேண்டவே வேண்டாம். அப்புறம், நடந்த தேதி, நேரம், கேட்ட வார்த்தைகளை ஒரு தாளில் குறித்துவையுங்கள். பின்னாளில் வழக்கு என்று வந்தால் அந்தக் குறிப்பு உதவும். வீடியோ எடுத்தால் பாதிக்கப்பட்டவருக்காகப் பத்திரமாக வைத்திருங்கள். எந்தக் குழுவிலும் போடாதீர்கள்.

பாதிக்கப்பட்டவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது?

தனியாக இருக்கும்போது, அவசரம் இல்லாத நேரத்தில். "உன்னை அடிக்கிறானா?" என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் "ஐயோ, இல்லவே இல்ல" என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்வது உங்களை ஏமாற்ற இல்லை. வெட்கம், பயம், வெளியே தெரிந்தால் இன்னும் அதிகமாகும் என்ற கணக்கு. அதனால் நீங்கள் கண்டதிலிருந்து தொடங்குங்கள்: "கொஞ்ச நாளா உன் முகமே சரியில்ல. எனக்குக் கவலையா இருக்கு. பேசணும்னு தோணும்போது என்கிட்ட பேசு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." அன்றைக்கே பதில் வராமல் போகலாம். ஆறு மாதம் கழித்து வரலாம். அந்த வாக்கியம் அதுவரை அவரிடம் இருக்கும்.

சொல்லத் தொடங்கினால் கேளுங்கள். நடுவில் மடக்காதீர்கள். முடித்ததும் சொல்ல வேண்டியவை மிகச் சில: "நான் உன்னை நம்புறேன். தப்பு உன் மேல இல்ல. நீ சொன்னது நல்லது. இப்ப உனக்கு என்ன பண்ணணும்னு தோணுது?" கடைசிக் கேள்வி முக்கியம். பல ஆண்டுகளாக எல்லா முடிவையும் வேறொருவர் எடுத்த வாழ்க்கையில் இருப்பவர் அவர். நீங்களும் போய் முடிவெடுத்துக் கொடுத்தால், நல்ல மனதோடு செய்தாலும், அதே வேலையைத்தான் செய்கிறீர்கள்.

சொல்லக் கூடாதவற்றை நாம் எல்லோருமே எப்போதோ சொல்லியிருப்போம். "நீ என்ன செஞ்ச?", "குழந்தைங்களுக்காகப் பொறுத்துப் போ", "அவன் நல்லவன்தான், கோபம் மட்டும்தான்", "நானா இருந்தா அன்னைக்கே கிளம்பியிருப்பேன்." இதில் கடைசி வாக்கியம் தைரியம் தருவதுபோல் தோன்றும். கேட்பவருக்கோ, தான் கோழை என்று சொன்னதாகத்தான் காதில் விழும்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுங்கள். உயிராபத்தும் குழந்தைகளுக்கு ஆபத்தும் மட்டும் விதிவிலக்கு. அப்போதும் முடிந்தவரை அவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

இவ்வளவு நடந்தும் ஏன் விட்டு வெளியே வரவில்லை?

இந்தக் கேள்வி என்னிடம் வரும்போதெல்லாம் திருப்பிக் கேட்கத் தோன்றும்: அவர் ஏன் அடிப்பதை நிறுத்தவில்லை?

இருந்தாலும் பதில் சொல்கிறேன். கையில் காசு இல்லை. போக இடம் இல்லை. குழந்தைகள் இருக்கிறார்கள். திரும்பிப் போனால் பெற்றோரே ஏற்பார்களா என்று தெரியவில்லை. அவர் நல்லபடியாக இருந்த நாட்களும் இருந்தன, அவை திரும்பி வரும் என்ற நம்பிக்கை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியேறும் நேரமும் அதற்குப் பிந்தைய மாதங்களும்தான் பெரும்பாலும் மிக ஆபத்தானவை. பிடி நழுவுகிறது என்று தெரிந்ததும் அடக்கி ஆண்டவர் உச்சத்துக்குப் போகிறார். "போனால் கொன்றுவிடுவான்" என்று ஒரு பெண் சொன்னால் அது மிகையில்லை. அந்த ஆளை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

அதனால் "உடனே கிளம்பு" என்று தள்ளாதீர்கள். கிளம்பும் நாள் வந்தால் தேவைப்படுவதை இப்போதே சேர்த்துவைக்க உதவுங்கள். அடையாள ஆவணங்களின் நகல், குழந்தைகளின் சான்றிதழ், மருந்து, ஒரு செட் துணி, மாற்றுச் சாவி, கொஞ்சம் பணம் எல்லாம் ஒரு பையில், உங்கள் வீட்டில். இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கேத வாக்கியம். "தையல்காரர் நம்பர் இருக்கா?" என்று செய்தி வந்தால் போலீசைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். நடுராத்திரி வந்தாலும் கதவு திறக்கும் என்று உங்களால் சொல்ல முடியுமானால் சொல்லுங்கள். முடியாவிட்டால் காப்பகத்தின் எண்ணையும் வழியையும் விசாரித்து வைத்திருங்கள். பொய் நம்பிக்கை மட்டும் கொடுக்காதீர்கள்.

எது உயிருக்கு ஆபத்தான கட்டம் என்று எப்படி அறிவது?

கழுத்தை நெரித்தது. இதை முதலில் எழுதக் காரணம், பலர் இதை "சும்மா கழுத்தைப் பிடிச்சான்" என்று கடந்துவிடுவதுதான். துணைவரால் ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னாளில் அவர் கையாலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் கூடுகிறது என்று 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. வெளியே தடமே இல்லாமல் உள்ளே ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம், சில நாள் கழித்துப் பக்கவாதம் வரலாம். குரல் கம்மினாலோ, விழுங்க வலித்தாலோ, தலை சுற்றினாலோ, நினைவு தப்பியிருந்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், "கழுத்தை நெரித்தார்" என்ற வார்த்தையையே சொல்ல வேண்டும்.

ஜாக்குலின் கேம்ப்பெல் என்ற செவிலியர் ஆய்வாளர் 1980-களில் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டுக் கேள்விகள் இன்றும் பல நாடுகளில் பயன்படுகின்றன. அதில் வரும் மற்ற அறிகுறிகள்: வீட்டில் துப்பாக்கி இருப்பது, கொலை மிரட்டல், அடி வரவர அதிகமாவது, கர்ப்பமாக இருந்தபோது அடித்தது, பின்தொடர்வது, கட்டாய உறவு, எல்லை மீறிய சந்தேகம், தன்னையே மாய்த்துக்கொள்வேன் என்று மிரட்டுவது, அண்மையில் பிரிந்தது. இவற்றில் பல சேர்ந்திருந்தால் நீங்களே சமாளிக்கப் பார்க்காதீர்கள். இதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கும் உதவி எண்ணை அழைத்துப் பேசுங்கள். பாதிக்கப்பட்டவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை, பல இடங்களில் உதவ நினைப்பவருக்கும் வழி சொல்வார்கள்.

இருவரையும் உட்காரவைத்துப் பேசித் தீர்க்கலாமா?

வேண்டாம். பயத்தில் இருப்பவர், பயமுறுத்துபவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உண்மை பேச மாட்டார். பேசினால் வீட்டுக்குப் போனதும் அதற்கு விலை கொடுப்பார். பெரியவர்கள் கூடி "இனிமே இப்படி நடக்காது" என்று எழுதி வாங்கிக்கொண்டு எழுவார்கள், அடுத்த மாதம் அடி தொடரும். ஆனால் இம்முறை "ஊரைக் கூட்டினாயே" என்ற காரணமும் சேர்ந்திருக்கும். இருவருக்கும் சமமாகப் புத்தி சொல்வது நடுநிலை இல்லை.

அடிப்பவர் என் நண்பன், என் தம்பி. நான் என்ன செய்ய?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் குறைவு. இதைக் கேட்டதற்காகவே உங்களை மதிக்கிறேன். அவர் போலீஸ் சொல்வதைவிட உங்கள் முகத்துக்குத்தான் அஞ்சுவார்.

தனியாக, போதையில் இல்லாதபோது பேசுங்கள். "நீ அவளைப் பேசுற விதம் சரியில்ல. எனக்குப் பிடிக்கல. நீ இப்படிப்பட்டவன் இல்லன்னு நினைச்சேன்." அவமானப்படுத்த வேண்டாம், ஆனால் சாக்குகளை ஏற்கவும் வேண்டாம். "குடிச்சிருந்தேன்" என்பார். குடித்துவிட்டு முதலாளியை அடிக்காதவர் வீட்டில் மட்டும் அடிக்கிறார் என்றால், யாரை அடிக்கலாம் என்று அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. "அவ தூண்டிவிட்டா" என்பார். கோபம் வரலாம், கையை ஓங்குவது அவர் எடுத்த முடிவு. வன்முறையைக் கைவிட உதவும் ஆலோசனைத் திட்டங்கள் இருக்கின்றன, கூட வருகிறேன் என்று சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவர் உங்களிடம் சொன்ன எதையும் இந்தப் பேச்சில் இழுக்காதீர்கள். நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் பேசுங்கள். பார்த்தது ஒன்றுமே இல்லையென்றால், பேசலாமா என்று முதலில் பாதிக்கப்பட்டவரைக் கேளுங்கள்.

போனில் உதவி செய்வது பாதுகாப்பானதா?

பாதிக்கப்பட்டவரின் போனை வேறொருவர் படிக்கிறார் என்று எடுத்துக்கொண்டே எழுதுங்கள். எந்த எண்ணில், எந்த நேரத்தில் பேசலாம் என்று நேரில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். உதவி எண், வக்கீல் பெயர் எதையும் செய்தியாக அனுப்ப வேண்டாம். தேடுவதற்கு உங்கள் போனைக் கொடுங்கள். லொக்கேஷனைத் திடீரென்று அணைப்பதும் பாஸ்வேர்டு மாற்றுவதும் சந்தேகத்தைக் கிளப்பும், எப்போது செய்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும். காயத்தின் படம், மிரட்டல் செய்தி போன்ற ஆதாரங்களை உங்களிடம் வைத்திருக்கச் சொன்னால் வைத்திருங்கள்.

குழந்தைகளுக்கு இதெல்லாம் புரியுமா?

புரியும். அடுத்த அறையில் தூங்குவதுபோல் படுத்திருக்கும் குழந்தைக்கு எல்லாம் கேட்கிறது. பலர் தன்னால்தான் சண்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் ஆசிரியராகவோ சித்தியாகவோ மாமாவாகவோ இருந்தால், துருவிக் கேட்காமல் மூன்று விஷயம் சொல்லுங்கள்: இது உன் தப்பில்லை, பெரியவங்க சண்டைக்கு நடுவில் போகாதே, பயமாக இருந்தால் யாரிடம் ஓட வேண்டும். குழந்தைக்கே அடி விழுகிறது என்றால் குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லியாக வேண்டும். அங்கே காத்திருக்க இடமில்லை.

பெண்களுக்கு மட்டும்தான் இது நடக்கிறதா?

இல்லை. ஆண்களுக்கும் நடக்கிறது, சிரிப்பார்களே என்று அவர்கள் வாயைத் திறப்பதில்லை. முதியவர்களுக்கும் நடக்கிறது. 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் ஒரே ஆண்டுக்குள் ஏதோ ஒரு வகைக் கொடுமையைச் சந்திக்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வங்கி அட்டையைப் பிடுங்குவது, மருந்து வாங்கித் தராமல் விடுவது, அறையில் அடைப்பது. வாரம் ஒருமுறை போய் அவர்களைத் தனியாகப் பார்த்துப் பத்து நிமிடம் பேசுங்கள். தனியாக என்பதை மறக்க வேண்டாம்.

வன்முறை தொடங்கும் முன்பே தடுக்க முடியுமா?

முடியும், அதற்கு ஆதாரம் இருக்கிறது. உகாண்டாவின் கம்பாலாவில் "சாசா" என்ற திட்டம் நடந்தது. சுவாஹிலியில் "இப்போதே" என்று பொருள். வெளியிலிருந்து நிபுணர்கள் வரவில்லை. அந்தந்தப் பகுதி மக்களே அக்கம்பக்கத்தாரிடம், வீட்டில் யார் கையில் அதிகாரம் இருக்கிறது, அதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று ஆண்டுக்கணக்கில் பேசினார்கள். திட்டம் நடந்த பகுதிகளில் பெண்கள் மீதான துணைவரின் உடல் வன்முறை, நடக்காத பகுதிகளைவிட 52 சதவீதம் குறைவாக இருந்ததாக 2014-ல் ஆய்வு வெளியானது. பேச்சு என்பது வெறும் பேச்சு இல்லை.

நம் வீட்டிலும் செய்யலாம். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று மகளிடம் சொல்வதை நிறுத்தலாம். அந்தப் பழமொழியைக் கேட்டு வளரும் பெண், அடியை அன்பின் விலை என்று நினைத்துக்கொள்கிறாள். மகன் "வேண்டாம்" என்ற சொல்லை மதிக்கிறானா என்று கவனிக்கலாம். நண்பர்கள் கூட்டத்தில் மனைவியை அடிப்பது பற்றி ஒருவர் நகைச்சுவை சொன்னால் சிரிக்காமல் இருக்கலாம். அந்தக் கூட்டத்தில் நிஜமாகவே அடிப்பவர் ஒருவர் இருந்தால், சிரிப்பை அவர் அனுமதியாக எடுத்துக்கொள்கிறார்.

இதைப் படிக்கும்போது, அடிப்பவன் நான்தானோ என்று தோன்றுகிறது.

வீட்டில் உள்ளவர்கள் உங்களைக் கண்டு பயப்படுகிறார்கள் என்றால், ஆம். இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள்: மருத்துவர், ஆலோசகர், உதவி எண். உள்ளே கொதிக்கும்போது அந்த இடத்தை விட்டு வெளியே போய்விடுங்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு மாறாமல் இருப்பது, கேட்காமல் இருப்பதைவிடக் கொடுமை.

எல்லா உதவியும் செய்தேன். திரும்ப அந்த வீட்டுக்கே போய்விட்டாள். இனி என்ன?

வலிக்கும். கோபமும் வரும். பலர் ஒரே முயற்சியில் வெளியே வந்துவிடுவதில்லை, திரும்பிப் போவதும் மறுபடி வருவதும் நடக்கும். "இனிமே என்கிட்ட வராதே" என்று அன்றைக்குச் சொல்லிவிட்டால், அடுத்த முறை அவளுக்குப் போக ஒரு கதவு குறையும். உங்களால் முன்போல் ஓட முடியாவிட்டால் அதைச் சொல்லுங்கள், வேறு ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நீங்களும் ஒரு ஆலோசகரிடம் மனம் விட்டுப் பேசுங்கள். தொடர்பை மட்டும் அறுக்க வேண்டாம். பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து, எப்போதாவது "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று ஒரு போன். அந்தப் பை உங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும்.